ஐந்து பேர், ஒரே நேரத்தில்

ஜூன் 1, ஞாயிறு

ஆமாம், அண்ணிக்குத்தான். வேறு யாருக்கு?

எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்ன வாக்கியம். ஒரு வாரமாக உள்ளே யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா இருக்கிறார், அண்ணன் இருக்கிறான், வீட்டுக்கு வந்த மருமகளுக்கு ஏன் உயில் எழுதுகிறாய் என்று. வாயால் யாரும் கேட்கவில்லை. யாருக்கும் இன்னும் தெரியாது.

இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் விட்டுப்போன கோளாறு. கண்டியில் செய்வார்கள், தேதியைத் தொலைபேசியில் சொல்வார்கள். "பெரும்பாலும் நல்லா வந்துருவாங்க" என்றார் டாக்டர். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவள் நான். 'பெரும்பாலும்' என்ற சொல்லோடு பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறேன். எக்கோ ஸ்கேன் அறையில் மேல்சட்டை இல்லாமல் படுத்திருந்தபோது ஒரு கேள்வியும் வரவில்லை.

என்னிடம் இருப்பது ஒரு வீடு. மடுல்சீமையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, ஏழு பேர்ச் காணியில். மண் சரியும் என்று பழைய லயத்து வரிசை வீடுகளைக் காலி பண்ணச் சொன்னபோது கிடைத்த காணி. அப்பா அப்போது உயிரோடு இல்லை. அண்ணன் ஜூட் கட்டாரில். காணி உறுதிப் பத்திரம் என் பேருக்கு வந்தது. பதுளையில் படிப்பித்து, கடன் எடுத்து, சுவர் சுவராகக் கட்டினேன். அதற்குள் வாழ்பவர்கள் அம்மாவும் அண்ணியும். நான் சனி ஞாயிறில் வந்துபோகும் ஆள். இப்போது மருத்துவ லீவில் ஒரேயடியாக வந்திருக்கிறேன்.

ஜூட்டும் திரும்பி வந்துவிட்டான். இலங்கைக்கு. வீட்டுக்கு வரவில்லை. நீர்கொழும்பில் இன்னொரு குடும்பம். அண்ணியை விடவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

சட்டத்தை வாசித்தேன். கைத்தொலைபேசியில், சின்ன எழுத்தில், தலை வலிக்கும் வரை.

எதுவும் எழுதாமல் நான் போனால், வீட்டில் பாதி அம்மாவுக்கு, பாதி ஜூட்டுக்கு. அம்மாவின் பாதி எவ்வளவு காலம் அம்மாவிடம் நிற்கும்? அவன் போனில் "அம்மா" என்று ஒரு தடவை இழுத்தால் போதும். வான் வண்டி வாங்க வீட்டை ஈடு வைக்கலாமா என்று போன டிசம்பரில், நத்தாருக்கே கேட்டவன்.

அண்ணிக்கு எதுவும் இல்லை. சட்டம் பெற்றோரைத் தெரிந்து வைத்திருக்கிறது, சகோதரனைத் தெரிந்து வைத்திருக்கிறது. அண்ணனின் மனைவியைத் தெரியாது.

அண்ணி விஜயலெட்சுமி, எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். சாமி கும்பிடுகிற குடும்பம். கத்தோலிக்க வேதக்காரப் பையனான ஜூட்டோடு வந்ததால் தம்பிமார் அந்த வாசலைச் சாத்திவிட்டார்கள். காலையில் கொழுந்து பறிக்கப் போகிறார். பின்னேரம் வந்து அம்மாவின் காலில் உள்ள சீனி வியாதிப் புண்ணைக் கழுவி மருந்து வைக்கிறார். புண்ணைத் தொட அம்மா அவர் கையை மட்டும்தான் விடுவார். என் கை நடுங்குகிறதாம்.

அந்த வீட்டிலிருந்து அவரை எழுப்பினால் அவர் போக ஓர் இடம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் கடைசியில் இந்த ஒரு வரிதான் மிஞ்சுகிறது.

ஜூன் 5, வியாழன்

பதுளையில் கிளினிக். முடிந்ததும் உயிலைப் பதிய ஒரு நொத்தாரிசின் படி ஏறினேன்.

"வீட்ல ஆம்பிள யாரும் இல்லையா? பிரதரக் கூட்டிட்டு வாங்க மிஸ். எல்லாரும் இருந்து பேசிச் செய்யுறதுதான் நல்லது."

இறங்கிவிட்டேன். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து மறுபடியும் சட்டம். நொத்தாரிசு இல்லாமலும் உயில் எழுதலாம். அதற்கு ஐந்து சாட்சிகள் வேண்டும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, நான் கையெழுத்திடுவதைப் பார்க்க வேண்டும். அங்கேயே அவர்களும் இட வேண்டும். உயிலில் எதையாவது பெறுகிறவர் சாட்சியாக நிற்கக் கூடாது. நின்றால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும்.

அவ்வளவுதான். ஐந்து பேர். தோட்டம் முழுக்க ஆட்கள். இதில் என்ன கஷ்டம்?

ஜூன் 7, சனி

எழுதுகிறேன், அடிக்கிறேன், எழுதுகிறேன்.

"ரொஷானி ஆகிய நான், சுயஅறிவுடனும் எவருடைய தூண்டுதலும் இன்றியும்..." சுயஅறிவு. இந்த ஒரு சொல்லில் அரை மணி நேரம் நின்றேன். முட்டாள்தனம். இது ஆய்வுக் கட்டுரை இல்லை.

வீடும் காணியும் அண்ணிக்கு. அம்மா உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் அந்த வீட்டில் இருக்க உரிமை. புத்தகங்கள் பாடசாலைக்கு. இதையெல்லாம் நிறைவேற்றும் பொறுப்பு சுபாஜினிக்கு, என்னோடு பதுளையில் படிப்பிப்பவள். போனில் கேட்டேன். "சரி, ஆனா நீ செத்தா உன்னோட பேசமாட்டேன்" என்றாள்.

அண்ணிக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். கையெழுத்தான பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 10, செவ்வாய். போயா விடுமுறை

சாட்சிகள்:

பெரியாயி அக்கா. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர், பக்கத்து வீடு. கேட்டதும் அழுதார். பிறகு சம்மதித்தார். பிறகு மறுபடி அழுதார்.

விஜேந்திரன். என்னோடு படித்தவன், த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறான். "ஹயர் இல்லாத நேரமாப் பாத்து வை, நான் ரெடி."

ஜஸீல் நானா, சந்திக் கடை. "அல்லா ஒங்களுக்கு நீட்டாயுசு தரட்டும், டீச்சர். கையெழுத்துத்தானே, போடுறேன்."

அந்தோனிமுத்து உபதேசியார், மாதா கோயிலில் ஜெபம் சொல்பவர். ஜூட்டுக்கு ஞானத்தகப்பன். இது இடிக்கிறது. ஆனால் ஊர் முழுக்க மதிக்கிற கையெழுத்து அது. "வாரேன் மகளே" என்றார். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவில்லை.

ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். ஒருத்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உயிரோடு இருக்கிற குமரி உயில் எழுதுவதா, நாக்கைக் கடி என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

தலைவர் அழகையா வீட்டுக்கு வந்தார். எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை.

"டீச்சர், ஒரு பேப்பருக்கு ஆள் தேடுறீங்களாம். என்கிட்ட சொல்லாம? ரோட்டுக்கு எழுதுன பெட்டிசனுக்கு நாந்தான் ஆள் புடிச்சேன். தண்ணி டேங்குக்கும் நாந்தான்."

"அஞ்சு பேர் போதும் தலைவரே. நாலு பேர் இருக்காங்க."

"அப்ப நான் அஞ்சாவது. குடுங்க, என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சிட்டுத் தாரேன். வாசிக்காம போட்டா மரியாத இல்லையே."

நியாயம். பிரதியைக் கொடுத்தேன். நாளை பதுளையில் இரத்தப் பரிசோதனை, சுபாஜினியோடு தங்கிவிட்டு புதன் வருகிறேன், அடுத்த ஞாயிறு எல்லாரும் கூடுவோம் என்றேன்.

"நீங்க கவலப்படாம போங்க. நான் பாத்துக்கிறேன்."

ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள். இன்று சோறு இறங்கியது.

ஜூன் 18, புதன்

என்ன செய்து வைத்திருக்கிறார் இந்த மனுசன்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஜஸீல் நானா கடை வாசலில் பேச்சு நின்றது. தலைவர் அங்கேயே காத்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் என் உயில். அதோடு ஊசி குத்திச் சேர்த்த தாள்கள்.

"முடிச்சாச்சு டீச்சர். அஞ்சு பேர்னீங்க. நான் ரெண்டு லயத்தையும் மேல் வீடுகளையும் முடிச்சிட்டேன். ஐசி கார்ட் நம்பரோட. இனி எந்தக் கோட்டுக்குப் போனாலும் ஆடாது."

கையெழுத்து, கையெழுத்து, கைநாட்டு, கையெழுத்து. கடைசியில் சங்கத்து ரப்பர் முத்திரை.

தோட்டத்தில் எந்தத் தாளும் இப்படித்தான் நகரும். யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போவார், கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையோடு வரிசையாக வாங்குவார். தலை அதிகமாக இருந்தால் பலம் அதிகம். ரோட்டுக்கும் தண்ணிக்கும் அப்படித்தான். எனக்கு இது தெரியாதா? இங்கே பிறந்தவள். எட்டு வயதில் இப்படி ஒரு தாளில் அப்பாவின் பெயரை நான்தான் எழுதினேன். தெரிந்தும் "ஒரே நேரத்தில்" என்பதை அவருக்கு அழுத்திச் சொல்லவில்லை.

"தலைவரே, நான் இன்னும் கையெழுத்தே போடல. இவுங்க எதுக்கு சாட்சி?"

"நீங்க கடைசியா போடுங்க. எடம் விட்டு வச்சிருக்கேன்."

யாரும் வாசிக்கவில்லை. புது வீட்டுத் திட்டம் என்று சிலர் நினைத்தார்களாம். தகரம் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டாராம். நேற்றுப் பின்னேரம்தான் கடையில் யாரோ ஒரு பையன் சத்தமாக வாசித்திருக்கிறான். சூசையம்மா வீடு, என் அம்மாவின் வீடு, மருமகளுக்காம்.

வீட்டுக்கு ஏறி வந்தேன். மூச்சு வாங்கியது, இரண்டு இடத்தில் நின்றேன். அம்மா உள் அறையில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

தாள்களைப் புரட்டினேன். மூன்றாவது தாளின் நடுவில், கொழுந்துப் பால் கறை பட்ட ஒரு வரி. விஜயலெட்சுமி. அண்ணியின் கையெழுத்து. நிறுவை வரிசையில் நீட்டியிருக்கிறார்கள், போட்டிருக்கிறார். எந்த உயிலில் அவருக்கு வீடு எழுதினேனோ அந்த உயிலுக்கு அவரே சாட்சி.

நல்லவேளை இது செல்லாது. நல்லவேளை. என்ன வார்த்தை இது.

ஜூன் 19, வியாழன்

அம்மா பேசினார். சுவரைப் பார்த்தபடியே.

"நான் பெத்தவன் ஒருத்தன் இருக்கான். குடிகாரனோ கூத்தாடியோ, ஒரு நாளைக்கி வருவான். வந்து எந்தக் கதவத் தட்டுவான்?"

"அண்ணி எந்தக் கதவத் தட்டுவாங்கம்மா?"

"நீ சாகப் போறியா?"

"இல்லம்மா."

"அப்ப என்னாத்துக்கு எழுதுற?"

 

அண்ணி பின்னேரம் வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு வீடு வேணும்னு ஒன்கிட்ட கேட்டனா?"

"இல்ல அண்ணி."

"மலையில எப்படிப் பேசுறாங்கன்னு தெரியுமா? இவ்வளவு நாள் அத்த கால கழுவுனதுக்கு இதுதான் கூலியாம். நாத்தனா படுக்கையில விழ முன்னமே எழுதி வாங்கிட்டேனாம். சிரிக்கிறாளுக."

"நான் உங்களுக்குச் சொல்லலாம்னுதான்..."

"எப்ப? நீ செத்த பொறகா?"

பிறகு தண்ணீர் சுட வைத்தார். அம்மாவின் காலைக் கழுவினார். 

ஜூன் 20

மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டோம்.

ஜூன் 21, சனி

ஜூட் போனில்.

"என்னா ரொஷி, பெரிய ஆளாயிட்ட. உயில் எல்லாம் எழுதுறியாம்."

"எழுதுறேன்."

"எனக்கு என்னா எழுதுன? ஒரு செங்கல்லாச்சும்?"

"நீ அண்ணிய ஒழுங்கா வச்சிருந்தா எழுதியே இருக்கமாட்டேன்."

"அது புருசன் பொஞ்சாதி விசயம், நீ கல்யாணம் கட்டாதவ, ஒனக்கு வெளங்காது. அது அப்பா ஒழைச்ச தோட்டத்துக் காணி. பாதி எனக்கு."

"கட்டுனது நான்."

"சரி, கட்டுனவ போயிட்டா?"

  பிறகு அவனே சிரித்தான். "சும்மா சொன்னேன் புள்ள. சீரியஸா எடுக்காத."

போனை வைத்தேன். 

ஜூன் 23, திங்கள்

கண்டியிலிருந்து அழைப்பு. ஜூலை முதலாம் தேதி அனுமதி. முப்பதாம் தேதி இங்கிருந்து கிளம்ப வேண்டும். எல்லாருக்கும் லீவு இருக்கிற ஞாயிறு இனி ஒன்றுதான்.

ஜூன் 25, புதன்

ஐந்து பேரையும் தேடித் திரும்பச் சென்றேன். நடக்கக் கூடாது என்றிருக்கிறார்கள், விஜேந்திரனின் த்ரீவீலில் போனேன். ஒவ்வொருவருக்கும் ஒரே பாடம்: ஞாயிறு, பூசைக்குப் பிறகு, என் வீட்டு முன் அறை, எல்லாரும் வந்த பிறகுதான் பேனை.

தலைவர் சங்கடப்பட்டார். "எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரல டீச்சர். கையெழுத்து கூடினா நல்லதுன்னுதான்..." அவரை மன்னித்துவிட்டேனா? இல்லை. ஆனால் அவர் வேண்டும்.

ஜஸீல் நானா குரலைத் தாழ்த்தினார். "ஒங்கட அண்ணன் கடைக்கு கோல் எடுத்தார். கையெழுத்து வச்சா கோட்டுக்கு இழுப்பேன்டு சொன்னார். நான் சொன்னேன், இழுங்க தம்பி, எனக்கும் பதுளையப் பாத்து கனகாலம்டு."

பெரியாயி அக்காவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அவர் எடுக்கவில்லை.

உபதேசியார் வீட்டில் அவர் மனைவிதான் இருந்தார். "சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

ஜூட் அம்மாவின் போனுக்குக் கோல் எடுத்தான். அம்மாவுக்குக் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போடுவார். நான் பைக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி அடுப்படியில்.

"அம்மா, உறுதி எங்க வச்சிருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்."

"பாருங்க. அவ போனதும் அலுமாரியத் தொறந்து பாருங்க. எடுத்து ஒங்க தலகாணிக்குள்ள வைங்க. அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா ஒடனே எனக்குத்தான் கோல் எடுக்கணும். வெளங்குதா? அவகிட்ட குடுத்துறாதீங்க."

"யாருகிட்ட?"

"விஜயாகிட்டதான்."

"ம்."

"அம்மா, சும்மா ம் போடாதீங்க. நான் ஒங்க மகன்."

"சாப்புட்டியா?" என்று கேட்டார் அம்மா.

அவன் சாப்பிட்டானாம். வைத்துவிட்டான். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டார். நான் மடித்த துணியைத் திரும்பவும் மடித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதவேண்டும். வரிசையாக.

காலையிலிருந்து மழை. பூசை முடிந்து முதலில் தலைவர் வந்தார், வெள்ளைச் சட்டையில். பிறகு பெரியாயி அக்கா. கடையைச் சாத்திவிட்டு ஜஸீல் நானா. விஜேந்திரனுக்குப் பசறைக்கு ஒரு ஹயர், ஆளை த்ரீவீலுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டு வந்தான். உயில் மேசையில். பேனை மேசையில். அண்ணி அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், தேவைக்கு மேல் சத்தமாக.

உபதேசியார் வரவில்லை.

காத்திருந்தோம். விஜேந்திரன் அவருக்குப் போன் எடுத்தான், அவர் போனை நிறுத்தி வைத்திருக்கிறார். பூசையிலும் அவரைக் காணோமாம். நீர்கொழும்பிலிருந்து அவருக்கும் அழைப்பு போயிருக்கும், அவர் எடுத்திருப்பார். ஞானஸ்நானத்தில் அவர் கையில் தூக்கி நின்ற பிள்ளை. குறை சொல்ல என்ன இருக்கிறது. இருந்தாலும்—

"டீச்சர்," என்றார் தலைவர், "பேப்பரக் குடுங்க. ஒரு ஓட்டம் அவரு வீட்டுக்குப் போயி வாங்கிட்டு வந்துர்றேன்."

ஜஸீல் நானா நெற்றியில் கைவைத்தார். "அண்ணன், நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்."

விஜேந்திரன் மழையில் ஓடினான். பக்கத்து வீடுகள், கீழ் லயம். நனைந்து திரும்பி வந்தான். தனியாக.

"ஒருத்தரும் வர்றாங்க இல்ல. நாங்கதான் அன்னிக்கே போட்டமேங்குறாங்க. ஒரே பேப்பருக்கு ரெண்டு தரம் போட்டா புடிச்சி உள்ள போட்டுருவாங்களாம்."

தலைவர் தரையைப் பார்த்தார். தோட்டமே எனக்குச் சாட்சி சொல்லி முடித்துவிட்டது, இனி சொல்ல ஆளில்லை. வெளியே ஹயர்க்காரர் ஹோர்ன் அடித்தார். விஜேந்திரன் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நாளைக்குக் காலை பஸ். அந்த வால்வு இழுத்து இழுத்து அடிக்கிறது எனக்குக் கேட்டது.

"நான் போடுறேன்."

அம்மா. உள் அறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்றாமல்.

"நீங்க போடக்கூடாதும்மா. உங்க பேர் உள்ள இருக்கு. நீங்க இருக்குற வரைக்கும் இந்த வீட்ல இருக்கலாம்னு எழுதியிருக்கேன். எதாச்சும் கெடைக்கிறவுங்க சாட்சி நிக்கக் கூடாது."

"அப்ப என் பேர எடு."

"எடுத்தா உங்களுக்கு இங்க ஒரு உரிமையும் இல்ல. எனக்கு எதாச்சும் ஆனா வீடு முழுசா அண்ணிக்கு. நாளைக்கி அவுங்க போங்கன்னு சொன்னா நீங்க போகணும். வெளங்குதா?"

"எனக்கு வெளங்குது. நீ எடு."

 அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"இவ்வளவு காலம் அவ எந்தப் பேப்பரப் பாத்து என்னைய வச்சிருந்தா?" என்றார் அம்மா. பெரியாயி அக்கா நகர்ந்து கொடுத்த கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "நேத்து அவன் உறுதி எங்கன்னு கேட்டான். தலகாணிக்குள்ள வைக்கச் சொன்னான். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கல."

விஜேந்திரன் வெளியே போய் ஹயர்க்காரரிடம் ஏதோ சொன்னான். அவர் வண்டியை விட்டு இறங்கி, திட்டிக்கொண்டே நடந்து போவது கேட்டது.

புதுத் தாள் எடுத்து முழுவதையும் கையால் எழுதினேன். அம்மாவைப் பற்றிய வரி வரவேண்டிய இடத்தில் பேனை நின்றது. அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியைத் தாண்டி அடுத்ததை எழுதினேன்.

வாசித்தேன், எல்லாருக்கும் கேட்கும்படி. கையெழுத்திட்டேன். தலைவர், பெரியாயி அக்கா, ஜஸீல் நானா, விஜேந்திரன். கடைசியாக அம்மா, சம்பளப் பட்டியலில் போட்டுப் பழகிய கையெழுத்தை, எழுத்தெழுத்தாக. ஒருவரும் அறையை விட்டு வெளியே போகவில்லை.

அண்ணி பிளேன்டீ கொண்டுவந்தார். என் கோப்பையை என் முன்னால் வைக்காமல் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 30, திங்கள்

பஸ். பசறையில் மூடுபனி. பதுளையில் உயிலை சுபாஜினியிடம் கொடுத்தேன். உறுதியையும்.

வீட்டில் விடைபெறும்போது அண்ணி சொன்னது இரண்டே சொல். "சால்வைய எடு."

அம்மாவை வீதியில் விட்டுவிட்டு வருகிறேனா? சட்டப்படி, ஆமாம்.

ஜூலை 13, ஞாயிறு. கண்டி

இருக்கிறேன்.

நெஞ்சுக்குள் புது வால்வு டிக் டிக் என்று கேட்கிறது. இரவில் பக்கத்துக் கட்டில் பெண், யாருடைய மணிக்கூடு என்று கேட்டாள். எழுத முடிவது இன்றுதான். கொஞ்சம் எழுதினால் தோள் இழுக்கிறது.

அண்ணி வந்தார். மடுல்சீமையிலிருந்து இருட்டோடு கிளம்பி, பஸ் மாறி மாறி. அம்மாவைப் பெரியாயி அக்கா பார்த்துக்கொள்கிறாராம். கட்டிலின் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தோடம்பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார். உரித்த சுளைகளை எனக்குத் தரவும் மறந்துவிட்டார்.

"ஜூட் வந்தாரு," என்றார்.

"வீட்டுக்கா?"

"ஜஸீல் நானா கடை வரைக்கும். நீ பொழச்சிட்டேன்னு தெரிஞ்சதும் அப்படியே திரும்பிட்டாராம். அத்தகிட்ட நான் சொல்லல. அவுங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு."

பிறகு, சுளைகளைப் பார்த்தபடி:

"அத்த பேர எடுத்துட்டியாமே."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"அடுப்படியில இருந்தா காது இல்லையா?"

"அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க. வேற ஆள் இல்ல அண்ணி. உங்க மேல நம்பிக்க இல்லாம—"

"நம்பிக்க இருக்கட்டும். எனக்கு அது வேணாம்." குரல் உயரவில்லை. "அந்த வீட்ட எனக்குத் தாறதும் தராததும் ஒன் இஷ்டம். என்கிட்ட கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். இப்ப ஊரெல்லாம் பேசி முடிச்சிட்டாங்க, இனி வேணாம்னு சொல்லியும் வேலையில்ல. ஆனா அத்த என் மூஞ்சியப் பாத்துப் பாத்து அந்த வீட்ல இருக்கக் கூடாது. இந்த ரெண்டு கிழமையா நான் ஒரு சட்டிய சத்தமா வச்சாலும் திரும்பிப் பாக்குறாங்க. நேத்து சோத்துல உப்பில்ல. ஒண்ணும் சொல்லாம தின்னுட்டாங்க. அத்த உப்பில்லாம ஒரு நாள் தின்னவங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது. அண்ணி சிரிக்கவில்லை.

"எனக்கு அது ஒரு மாதிரி இருக்கு, ரொஷி. அவுங்க பழையபடி என்னைய ஏசணும்."

 அந்த வீட்டில் யார் இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். அண்ணி எப்படி இருப்பது என்று கேட்டார்.

தாதியிடம் ஒரு தாள் வாங்கி, புது உயிலைத் தொடங்கினேன். தனியே நிமிர்ந்து உட்கார முடியவில்லை, அண்ணி முதுகுக்குத் தலையணையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் பெயரை முதலில் எழுதினேன். முடித்ததும் முழுவதையும் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். 'அம்மா இருக்கலாம்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்தச் சொல்லை 'உரிமையோடு இருப்பார்' என்று மாற்றினேன்.